ஆஸ்பத்திரி பில்லில் சந்தேகம் வந்தால் எங்கிருந்து தொடங்குவது? தாராபுரம் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கட்டுத்தறியில் சாணி வழிக்கும்போது வழுக்கி விழுந்து அவருடைய அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயது 68. கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடைந்த பந்துக்கிண்ண மூட்டில் பந்தை மட்டும் மாற்றும் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். சேர்க்கும்போது, "ஒண்ணு எழுபதுக்குள்ள முடிஞ்சிருங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம். கடைசியில் வந்த பில் 2,86,400 ரூபாய். சொந்தமாக எடுத்து வைத்திருந்த காப்பீட்டில் 1,69,500 மட்டும் வந்தது. மீதி 1,16,900 ரூபாய்க்கு மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறார். "பணம் கட்டியாச்சு, இனிமேல் கேட்க முடியுமா? கேட்டால் அம்மாவை மறுபடி பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களா?" இதுதான் கேள்வி. பில்லையும் காப்பீட்டுக் கடிதத்தையும் இணைத்திருந்தார். இரண்டையும் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கேட்க முடியும் தம்பி. பணம் கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது. கோவை ஆஸ்பத்திரிகளில் காப்பீட்டு மேஜையில் பல வருடம் உட்கார்ந்து பில் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் முதலில் சொல்கிறேன். "இவ்வளவு அதிகமா?" என்று மொத்தத் தொகையை வைத்துச் சண்டை போட்டால் தோற்றுப்போவீர்கள். தனியார் ஆஸ்பத்திரி ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று பொதுவான உச்சவரம்பு நம் மாநிலத்தில் கிடையாது. விலை கூடுதல் என்பது மட்டுமே குற்றமாகாது. ஆனால் கொடுக்காத மருந்துக்குப் பணம், வராத டாக்டருக்கு விசிட் சார்ஜ், ஒரே பொருளுக்கு இரண்டு பெயரில் கட்டணம், எம்.ஆர்.பி.க்கு மேல் விலை, முன்கூட்டிச் சொல்லாத செலவு, விதிக்கு மாறான காப்பீட்டுப் பிடித்தம் என்று ஒவ்வொரு வரியாக எடுத்து வைத்தால், யாராக இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்குக் கையில் காகிதம் வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டைக்கு எத்தனை கிலோ கழிவு என்று விடாமல் கேட்கிற நம் ஆட்கள், ஆஸ்பத்திரி கவுண்டரில் மட்டும் தலையைக் குனிந்து நின்றுவிடுகிறார்கள். "உசுரைக் காப்பாத்துன டாக்டர்கிட்டப் போய்க் கணக்குக் கேக்கறதா?" என்று வீட்டுப் பெரியவர்களே தடுப்பார்கள். டாக்டருக்கு நன்றி சொல்வது வேறு, பில்லிங் பிரிவில் கணக்குக் கேட்பது வேறு. உங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தவர் அந்தப் பதினோரு பக்க மருந்துப் பில்லைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் காப்பீட்டுக் கணக்கு

உங்கள் விஷயத்தில் பெரிய தொகை இங்கேதான் மாட்டியிருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

உங்கள் பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 4,000. நீங்கள் எடுத்த அறை 6,500. வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால், வாடகை வித்தியாசத்தை மட்டும் பிடிக்க மாட்டார்கள். டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 4,000-ஐ 6,500-ஆல் வகுத்தால் சுமார் 61.5 சதவீதம். அதாவது நூறு ரூபாய்க்கு 61.50 தான் வரும். "ரெண்டாயிரத்தி ஐநூறு தானே, அம்மாவுக்கு நல்ல ரூமா இருக்கட்டும்" என்று நினைத்து எடுக்கிற அறை, பில் முழுவதையும் தொட்டுவிடுகிறது. இதைச் சேர்க்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் இந்த வெட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. மருந்து, ஊசி, உபயோகப் பொருள்கள், உடலில் பொருத்தும் இம்ப்ளான்ட், லேப் மற்றும் ஸ்கேன் செலவுகள் ஆகியவற்றில் இந்த விகிதாசாரப் பிடித்தம் செய்யக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஐ.சி.யு. கட்டணத்திலும் கூடாது.

உங்கள் பில்லை இப்படிப் பிரிக்கலாம். அறை வாடகை ஏழு நாளுக்கு ஜி.எஸ்.டி.யோடு 47,775. சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், டாக்டர் விசிட் எல்லாம் சேர்த்து 1,12,000. இம்ப்ளான்ட் 52,000. மருந்தும் உபயோகப் பொருளும் 48,600. லேப், எக்ஸ்ரே 17,400. இதர கட்டணம் 8,625. காப்பீட்டுக் கம்பெனி வாடகைக்கு 28,000 கொடுத்துவிட்டு, இதர கட்டணம் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் 61.5 சதவீதத்தால் பெருக்கியிருக்கிறது. அதனால்தான் 1,69,500 வந்தது. இம்ப்ளான்ட், மருந்து, லேப் மூன்றும் சேர்த்து 1,18,000. இதில் வெட்டு விழுந்திருக்கவே கூடாது. வெட்டியது சுமார் 45,380 ரூபாய். உபயோகப் பொருள்களில் கையுறை போன்ற சிலவற்றுக்குக் காப்பீடு கிடையாது, அதற்காக ஒரு தொகை கழியலாம். அது போக மீதி உங்களுக்கு வர வேண்டிய பணம்.

இன்னொன்றும் உண்டு. அறையின் தரத்துக்கு ஏற்ப ஆபரேஷன் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியாக இருந்தால், அந்த 1,12,000-த்திலும் விகித வெட்டு போடக் கூடாது. ஜெனரல் வார்டுக்கும் தனி அறைக்கும் சர்ஜன் கட்டணம் ஒன்றா வேறா என்று ஆஸ்பத்திரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தால் மேலும் 43,000 ரூபாய் வரை கேட்க வழி இருக்கிறது.

அடுத்தது அந்த ஏழாவது நாள். காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்று டாக்டர் எழுதிவிட்டார், காப்பீட்டு அப்ரூவல் இரவு ஒன்பதுக்குத்தான் வந்தது, அதனால் மறுநாள்தான் கிளம்பினோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். காப்பீட்டு ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து போன மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதமானால் அதனால் கூடிய ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஆக, அந்த ஒரு நாளுக்கு உங்களிடம் வாங்கிய மீதி 2,500-ம் ஜி.எஸ்.டி. 325-ம் அவர்கள் பொறுப்பு. ஆஸ்பத்திரி கோரிக்கையை எத்தனை மணிக்கு அனுப்பியது என்ற விவரம் காப்பீட்டு மேஜையில் மின்னஞ்சலாக இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். பல நேரம் தாமதம் கம்பெனியில் இல்லை, ஆஸ்பத்திரி பில்லை அனுப்பியதே மதியம் மூன்று மணிக்காக இருக்கும். யார் தாமதம் செய்தார் என்பது அந்த மின்னஞ்சலில் தெரிந்துவிடும்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி கைவிரித்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இதே காப்பீட்டுத் தகராறை நுகர்வோர் ஆணையத்தில் வழக்காகப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் காப்பீட்டுப் பகுதிக்கு ஆம்புட்ஸ்மேன், ஆஸ்பத்திரிப் பகுதிக்கு நுகர்வோர் ஆணையம் என்று பிரித்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.

ஆஸ்பத்திரிக் கணக்கு

இதற்கு அடிப்படை கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைக் குறிப்புகள் எல்லாம் அடங்கிய ஃபைல். நோயாளியோ அவர் சார்பில் பொறுப்பானவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறை. மூன்று வருடம் பாதுகாத்து வைப்பதும் கடமை. "கேஸ் ஷீட் ஆஸ்பத்திரி சொத்துங்க, வெளிய குடுக்க மாட்டோம்" என்று கவுண்டரில் சொல்வார்கள். அசல் அவர்களிடமே இருக்கட்டும், நகல் உங்கள் உரிமை. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அதில் என்ன செய்தார்கள் என்று இருக்கும், எத்தனை முறை செய்தார்கள் என்று இருக்காது.

கடிதம் இப்படி எழுதினால் போதும். அலங்காரம் வேண்டாம்:

"மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். என் உள்நோயாளி எண் இது. என் முழு சிகிச்சை ஆவணங்களின் நகலை, அதாவது டாக்டர் குறிப்புகள், நர்ஸ் குறிப்புகள், மருந்து அட்டவணை, ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றையும், தேதிவாரியான விரிவான பில்லையும், வார்டிலிருந்து திரும்ப அனுப்பிய மருந்துகளின் விவரத்தையும் 2002 நடத்தை விதிமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் எடுக்கும் செலவைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன். இவற்றை என் மகனிடம் கொடுக்கச் சம்மதிக்கிறேன்."

கீழே அம்மாவின் கையெழுத்து. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட், கூடவே மின்னஞ்சல்.

ஆவணம் வந்ததும் ஒரு நோட்டில் நாள் வாரியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் மருந்து அட்டவணையில் இருப்பது, வலது பக்கம் பில்லில் இருப்பது. நர்ஸ் ஒவ்வொரு ஊசி போட்டதும் நேரம் எழுதிச் சுருக்கக் கையெழுத்துப் போடுவார். ஒரு ஊசி நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதி ஏழு நாள் போட்டால் பதினான்கு. பில்லில் இருபத்திரண்டு இருந்தால் மீதி எட்டு எங்கே? அநேகமாக வார்டு அலமாரியில் இருந்திருக்கும், அல்லது மருந்தகத்துக்குத் திரும்பிப் போயிருக்கும், உங்கள் கணக்கில் மட்டும் வரவு வைக்காமல் விட்டிருப்பார்கள். நான் பார்த்த தவறுகளில் அதிகம் இதுதான். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. காலை ஷிப்ட் நர்ஸ் மருந்துக்கு எழுதுகிறார், மதியம் டாக்டர் அந்த மருந்தை நிறுத்துகிறார், இரவு ஷிப்ட்டில் திருப்பி அனுப்ப யாருக்கும் நேரமில்லை. ஆனால் அந்தக் குழப்பத்தின் விலையை நோயாளி கட்டுவது நியாயமில்லை.

டாக்டர் விசிட்டையும் இப்படியே பாருங்கள். பில்லில் விசிட் என்று இருக்கிற ஒவ்வொரு தேதிக்கும் டாக்டர் குறிப்பில் அவர் கையெழுத்தும் நேரமும் இருக்க வேண்டும். உங்கள் பில்லில் இருதய மருத்துவர் ஆலோசனை மூன்று முறை இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் இதயம் தாங்குமா என்று ஒரு முறை பார்ப்பது வழக்கம். மற்ற இரண்டு எதற்கு என்று குறிப்பில் தேடுங்கள். இருந்தால் சரி, விட்டுவிடுங்கள்.

இம்ப்ளான்ட் வரி 52,000. பெட்டியோடு வருகிற ஸ்டிக்கரைத் தியேட்டரில் ஆபரேஷன் குறிப்பின் மேல் ஒட்டுவார்கள். கம்பெனி பெயர், மாடல், பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். பில்லில் வெறுமனே "இம்ப்ளான்ட்" என்று மட்டும் இருக்கிறது, கம்பெனி பெயர்கூட இல்லை. மருத்துவக் கருவிகள் எல்லாம் 2020 ஏப்ரல் முதல் சட்டப்படி மருந்துக் கணக்கில்தான் வருகின்றன. பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. அந்த எம்.ஆர்.பி.யில் வரி அடக்கம். இருதய ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மாற்று மூட்டுக்கும் 2017-ல் மத்திய அரசு உச்சவிலை வைத்தது. உங்கள் அம்மாவுக்கு வைத்தது இடுப்பு மூட்டு என்பதால் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். எம்.ஆர்.பி.யைக் கேளுங்கள், போதும்.

ஜி.எஸ்.டி.யைப் பற்றிப் பலருக்கு சந்தேகம் உண்டு. ஐ.சி.யு. அல்லாத அறையின் வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்த வாடகைக்கு மட்டும் 5 சதவீதம். 2022 ஜூலையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பில்லில் போட்டது சரிதான். டாக்டர் கட்டணத்துக்கோ ஆபரேஷனுக்கோ ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் மட்டும் கேள்வி கேட்க வேண்டும்.

கடைசியாக அந்த இதர கட்டணம் 8,625. உள்ளே பிரித்துப் பார்த்தால் ஃபைல் சார்ஜ், ஆவணக் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கட்டணம் என்று இருக்கிறது. இவையெல்லாம் அறை வாடகைக்குள் அடங்க வேண்டியவை என்று காப்பீட்டு ஆணையத்தின் பட்டியலே சொல்கிறது. உங்களுடையது அந்தக் கம்பெனியின் நெட்வொர்க் ஆஸ்பத்திரி என்பதால், இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று இருவரும் முன்பே ஒரு கட்டணம் பேசி வைத்திருப்பார்கள். அந்த ஒப்பந்தக் கட்டணம் எவ்வளவு என்று கம்பெனியிடம் கேளுங்கள். அதற்குமேல் உங்களிடம் தனியாக வாங்கியிருந்தால், ஆஸ்பத்திரியிடம் அதைத் திரும்பக் கேட்கக் கம்பெனியே உங்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

உரிமை என்று எதைக் காட்டுவது

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் 17 உரிமைகள் அடங்கிய நோயாளி உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. நோயைப் பற்றியும் செலவைப் பற்றியும் முன்கூட்டித் தெரிந்துகொள்வது, ஆவணம் பெறுவது, இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது, மருந்தையும் பரிசோதனையையும் விரும்பிய இடத்தில் வாங்குவது, பணத்தகராறுக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்பது எல்லாம் அதில் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. சாசனத்தைக் காட்டினால் மட்டும் யாரும் அசைய மாட்டார்கள், அது தனிச் சட்டம் கிடையாது. அதன் பின்னால் இருக்கிற சட்டங்களைக் காட்டினால் அசைவார்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு அல்ல, தொடங்கும் முன்பே டாக்டர் தன் கட்டணத்தைச் சொல்ல வேண்டும் என்பது நான் மேலே சொன்ன 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பணம் கட்டினால்தான் விடுவோம் என்று குணமான நோயாளியை அறைக்குள் உட்கார வைப்பது சட்டவிரோதக் காவல், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 127-ஆவது பிரிவு. பாக்கியை வசூலிக்க ஆஸ்பத்திரிக்கு சிவில் நீதிமன்றம் இருக்கிறது, நோயாளியைப் பிணையாக வைக்க அதிகாரம் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் 112-க்கு அழையுங்கள். பெரும்பாலும் போலீஸ் வருவதற்குள்ளேயே கதவு திறந்துவிடும்.

மருந்தை வெளியில் வாங்கலாமா என்பதில் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருங்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயத்துக்கு எதிராகப் போன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நாடு முழுமைக்குமான உத்தரவு எதுவும் போடவில்லை. மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. ஆபரேஷன் நடக்கும் நேரத்தில் இதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் டிஸ்சார்ஜின்போது ஒரு மாதத்துக்கு எழுதித் தருகிற மாத்திரைகளை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், மக்கள் மருந்தகத்தில் விலை விசாரியுங்கள்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் கவுண்டரில் சத்தம் போடாதீர்கள். ஊழியர்களைத் தாக்குவதும் பொருளை உடைப்பதும் தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுமையான குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருந்து, வழக்கு உங்கள் மேல் வந்துவிடும். கவுண்டரில் இருக்கிற பிள்ளை பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள், அவளால் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. பில்லிங் மேலாளரையும் மருத்துவக் கண்காணிப்பாளரையும் பாருங்கள். கேள்விகளை எழுதி, பக்க எண்ணோடு கொடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு விவகாரம் இந்த மேஜையிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

முடியாவிட்டால்

பதினைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் கொடுங்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி தனியார் ஆஸ்பத்திரிகளின் பதிவு அவர் அலுவலகம் வழியாகத்தான் நடக்கிறது. அவர் உங்களுக்குப் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுப்பார் என்று எண்ண வேண்டாம். ஆனால் அவர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போனால், தராமல் வைத்திருந்த கேஸ் ஷீட் வந்துவிடும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தாலும் அது சுற்றி வந்து அவர் மேஜைக்குத்தான் போகும், ஆனால் பதிவு எண்ணோடு போகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். பெரிய ஆஸ்பத்திரிகள் சில அங்கேயே சமரசத்துக்கு வந்துவிடுகின்றன.

அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். பணம் கொடுத்துப் பெறுகிற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற திருப்பூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி இது. நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். வைத்துக்கொள்ள விரும்பினால், வசதி குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100. வழக்கை அம்மா பெயரில் போடுங்கள்.

சிகிச்சையில் தவறு என்று வழக்குப் போட்டால் இன்னொரு மருத்துவ நிபுணரின் கருத்து தேவைப்படும், வருடக்கணக்கில் இழுக்கும். உங்கள் அம்மா நன்றாக எழுந்து நடக்கிறார் என்கிறீர்கள். அதனால் அந்தப் பக்கம் போகாமல், கூடுதலாக வாங்கிய பணம் என்ற ஒரே புள்ளியில் வழக்கை நிறுத்துங்கள். நோட்டில் போட்ட இரண்டு பத்திக் கணக்கே உங்கள் சாட்சி. வழக்கை முடிக்கச் சட்டத்தில் மூன்று மாதம், ஐந்து மாதம் என்று கெடு இருக்கிறது, நடைமுறையில் கூடுதலாகும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டு. நம் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவும் அதில் இருக்கின்றன. அந்த அட்டையில் சிகிச்சை ஒப்புதலாகிவிட்டால் அதற்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993-க்குப் புகார் சொல்லுங்கள். பனியன் கம்பெனியில் மாதச் சம்பளம் 21,000-க்குள் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அதில் உங்களைச் சார்ந்திருக்கிற அப்பா, அம்மாவுக்கும் சிகிச்சை உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எலும்பு ஆபரேஷன் நடக்கிறது. சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். இதற்கு வருமான வரம்பு இல்லை. எந்த விபத்திலும், எந்த அவசரத்திலும் முன்பணம் கட்டாததால் முதலுதவி மறுக்க ஒரு டாக்டருக்கும் உரிமை கிடையாது.

தனியார் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்கிறோம் என்றால், அவசரம் இல்லாத ஆபரேஷனுக்கு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். "இதில் என்ன அடங்காது?" என்று கேட்டு அதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை இடைக்கால பில் கேளுங்கள். கடைசி நாளில் கட்டியே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன் என்று பில் நகலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, அம்மாவை மறுபடி பார்ப்பார்களா என்பது. கணக்குக் கேட்டதற்காக ஆபரேஷனுக்குப் பிந்தைய கவனிப்பை மறுத்தால் அதுவே தனிப் புகார். அப்படிச் செய்கிற டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் கேஸ் ஷீட் நகலையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு எந்த எலும்பு மருத்துவரிடமும் போகலாம். தாராபுரம் அரசு ஆஸ்பத்திரியிலோ திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம். வைத்திருக்கிற மூட்டு எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பது பின்னால் பார்க்கிற டாக்டருக்கும் தேவைப்படும், அந்த ஸ்டிக்கர் பக்கத்தை வாங்குவதில் இதற்காகவும் பிடிவாதமாக இருங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை இன்னொரு முறை படித்தேன். வலி மாத்திரையும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் இருக்கின்றன, எலும்புத் தேய்மானத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. நின்ற வாக்கில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிற வயதானவர்களுக்கு எலும்பு பலவீனமாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம், அடுத்த இடுப்பும் முறியக்கூடும். அடுத்த முறை போகும்போது எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா, வைட்டமின் டி பார்க்க வேண்டுமா, அதற்கு மருந்து தொடங்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பில் கேள்விகளுக்கு முன்னால் இதைக் கேளுங்கள். கட்டுத்தறிப் பக்கம் அம்மா இப்போதைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.